மலையகத்துப் பனிக்காலமும் அன்னையர் கைமருந்தும்

வரலாறு என்றதும் எம் எண்ணத்தில் முதலில் தோன்றுவன ஆட்சியும் போரும் ஒப்பந்தமும் சட்டமுமே. மலையகத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோரும் பெரும்பாலும் அவ்வழியே சென்றனர். கோப்பிப் பயிரின் எழுச்சியும் வீழ்ச்சியும், 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட செய்தியும், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தமும் நாம் நன்கு அறிந்தவை. ஆனால் மழைக்கால இரவொன்றில் லயத்துக் காம்பராவிற் குழந்தை இருமியபோது அதன் தாய் அடுப்பில் எதனை வைத்தாள், அதனை எங்கிருந்து பெற்றாள், யாரிடம் கற்றாள் என்பனவற்றை வரலாற்று நூல்களில் அரிதாகவே காண்கிறோம்.

இவை சிறிய கேள்விகள் போலத் தோன்றலாம். ஆயினும் ஒரு மக்கட் கூட்டம் எவ்வாறு உயிர் பிழைத்தது என்பதற்கான விடை இவற்றினுள்ளேதான் இருக்கிறது. எம் அன்னையரின் கைமருந்து போற்றுதற்குரிய செல்வம் என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், வைத்தியர் இல்லாக் குறையைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி நின்ற தூணும் அதுவே. இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையும் குளிரும்

நுவரெலியா நகர் கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலும், அட்டன் 4,000 அடிக்கு மேலும் உயர்ந்து நிற்கின்றன. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்று அட்டன், நோர்வூட், மஸ்கெலியா மலைச்சரிவுகளை ஓயாது நனைக்கிறது. மார்கழி, தை, மாசி மாதங்களில் மழை ஓய்ந்த இரவுகளிற் குளிர் கடுமையாகிறது. நுவரெலியாவின் புற்றரைகளில் அதிகாலையில் உறைபனி வெண்மணல் போலப் படிந்திருப்பதைக் கண்டோர் பலர். ஆகவே எமக்குத் தடிமன் பிடிக்கும் காலம் ஒன்றன்று. ஒன்று மழையோடு வருவது, மற்றொன்று பனியோடு வருவது.

இக்குளிருக்கு வந்து சேர்ந்தவர்கள் யார்? திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், புதுக்கோட்டை போன்ற வெப்பச் சீமைகளிற் பிறந்து வளர்ந்தோர். அவர்களுக்குக் கிடைத்த வீடோ, வரிசையாக அடுக்கப்பட்ட லயத்தில் ஓர் ஒற்றைக் காம்பரா. சமையலும் படுக்கையும் அதனுள்ளேயே. புகை போக வழியில்லை, சுவரில் ஈரம், தரையிற் குளிர். குளிருக்குப் போர்த்திக்கொள்ள ஒரு கம்பளி. அதன் விலையும் பெரும்பாலும் சம்பளத்திற் கழிக்கப்பட்டது. நனைந்த சேலையோடும் இடுப்பிற் கட்டிய படங்கோடும் மலையில் நின்று கொழுந்தெடுத்த தாய், மாலையில் அதே ஈரத்தோடு இக்காம்பராவுக்குத் திரும்பினாள். இருமலும் சளியும் இங்கு விருந்தினராக வரவில்லை; குடியிருந்தன எனலாம்.

வந்த வழியும் வைத்தியச் சட்டமும்

19ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக மாத்தளை வரை கால்நடையாக வந்தனர். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் அவர்களைப் பின்தொடர்ந்தன. வழியிலேயே மடிந்தோர் பலர். அந்நடையை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டில், மலையக மக்கள் வந்த இருநூறாவது ஆண்டையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பலர் நடந்து சென்றதை வாசகர் அறிவர். பிற்காலத்திற் கப்பலும் இரயிலும் வந்தன. மண்டபம் முகாமில் தங்கவைத்து நோய் சோதிக்கும் முறையும் வந்தது. ஆயினும் முதன்முதலில் வந்தோரின் மூட்டையில் இருந்த மருந்துப் பெட்டி யாதென்று கேட்டால், கொத்தமல்லி, மிளகு, மஞ்சள், வேர்க்கொம்பு என்னும் சமையற் சரக்குகளே அது என்று கூறவேண்டும்.

அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. 1872ஆம் ஆண்டில் வைத்தியத் தேவைகள் சட்டம் நிறைவேறிற்று. தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி அளித்தல் வேண்டும் என்னும் கடமை அதனாற் சட்டத்தில் இடம்பெற்றது. 1912இல் அது மேலும் விரிவாக்கப்பட்டது. தோட்டங்களில் மருந்துச் சாலைகளும் சில இடங்களில் வைத்தியசாலைகளும் எழுந்தன. இவை நற்செயல்களே. எனினும் சட்டம் கொழும்பிற் பிறந்தது. நோயாளி மலையுச்சியிற் படுத்திருந்தான். இடையே பல மைல் தூரப் பாதையும், பெய்யும் மழையும், வேலைக்குப் போகாவிடிற் பேர் விழாது என்னும் அச்சமும் இருந்தன. நாட்கூலிக்காரிக்கு அரைப்பேர் இழப்பதும் அடுப்பில் அரிசி குறைவதும் ஒன்றே. ஆகவே முதல் வைத்தியசாலை லயத்துக் குசினியாகவே இருந்தது.

உலகுக்கு மருந்து தந்த மலை

இவ்விடத்தில் எம் மலையின் வரலாற்றில் ஒரு வியப்பான பகுதியைக் குறிப்பிடுதல் பொருத்தமாகும். இன்று மலர்த் தோட்டமாக நாம் கண்டு களிக்கும் ஹக்கலைப் பூங்கா, 1861ஆம் ஆண்டிற் சிங்கோனா மரத்தைப் பயிரிட்டுப் பார்ப்பதற்காகவே நிறுவப்பட்டது. அம்மரத்தின் பட்டையிலிருந்தே மலேரியாக் காய்ச்சலைத் தணிக்கும் கொயினா கிடைத்தது. 1869இல் இலங்கையிற் கோப்பி இலையைத் தாக்கும் துருநோய் தோன்றி, அப்பயிர் அழியத் தொடங்கவே, தோட்டக்காரர் பலர் சிங்கோனாவை நாடினர். 1880களில் இலங்கை அனுப்பிய பட்டை ஆண்டொன்றுக்கு ஒரு கோடி இறாத்தலையும் தாண்டிற்று. சந்தையிற் பட்டை மலிந்தது, விலை வீழ்ந்தது, தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது.

அப்பட்டையை உரித்து, உலர்த்தி, மூட்டை கட்டிய கைகள் எவருடையவை? எம் முன்னோருடையவை அன்றோ! உலகின் காய்ச்சலுக்கு மருந்து அனுப்பிய அக்கைகளே, இரவிற் தம் பிள்ளையின் காய்ச்சலுக்குக் கொத்தமல்லியை வறுத்துக் கொண்டிருந்தன. மலையின் செல்வம் மலையைவிட்டு இறங்கியது. மலையில் வாழ்ந்தோர்க்கு எஞ்சியது மரபறிவு ஒன்றே.

அடுப்பங்கரை வைத்தியம்

இனி அம்மரபறிவைச் சற்று விரிவாக நோக்குவோம்.

முதலிடம் பெறுவது மல்லித்தண்ணீர். ஒரு கைப்பிடி கொத்தமல்லியை வெறுஞ்சட்டியில் மணம் எழும்வரை வறுத்து, வேர்க்கொம்பைத் தட்டிப் போட்டு, நாலைந்து மிளகும் சேர்த்து நீர்விட்டுக் காய்ச்சுவர். நீர் நன்றாக வற்றவேண்டும். எட்டுப் பங்கு நீரை ஒரு பங்காக வற்றவைத்தல் இலங்கையின் கஷாய முறை. வீட்டில் அவ்வளவு விறகுக்கு எங்கே போவது? ஆகவே எம் அன்னையர் நாலுக்கு ஒன்றாகவோ, பாதியாகவோ நிறுத்திக்கொண்டனர். கருப்பட்டித் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டு சுடச்சுடக் குடித்துப் போர்த்திப் படுத்தால், விடியுமுன் உடல் வியர்த்துவிடும்.

இரண்டாவது வேது பிடித்தல். கொதிக்கும் நீரில் நொச்சியும் துளசியும் இடுவது ஊரில் அவர்கள் கற்ற முறை. உயர்ந்த மலையில் நொச்சி எளிதிற் கிடைப்பதில்லை. ஆனால் விறகுக்காகவும் காற்றுத் தடுப்புக்காகவும் அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நடப்பட்ட யூக்கலிப்டஸ் மரங்கள் எங்கும் நின்றன. அவ்விலையைக் கசக்கி முகர்ந்த எவளோ ஒருத்தி, இதுவும் மூக்கைத் திறக்கும் என்று கண்டுகொண்டாள். அவள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் அவள் செய்தது ஆராய்ச்சியே. துரை தந்த கம்பளியைத் தலைமேற் போர்த்தி, ஆஸ்திரேலிய இலையின் ஆவியைத் தமிழ்நாட்டு முறையிற் பிடித்தனர் எம் மக்கள். வரலாறு ஒரு சட்டி நீரினுள் அடங்கியதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை.

மூன்றாவது இலைச்சாறு. கற்பூரவள்ளி இலையை அனலில் வாட்டிப் பிழிந்து, சில துளி தேன் சேர்த்துப் பிள்ளைகளுக்கு நாக்கில் தடவுவர். வெற்றிலையில் எண்ணெய் தடவி, விளக்குச் சுடரிற் காட்டி, சூடு பொறுக்கும் பதத்தில் மார்பில் ஒற்றுவர். நெஞ்சுச் சளி கட்டியோர்க்கு ஆடாதோடை இலை. ஆடாதோடையைப் பற்றி ஒரு செய்தி கூறுவேன். அவ்விலையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடிப்படையாகக் கொண்டே புரோம்ஹெக்சின் என்னும் சளிகரைக்கும் மருந்தை 20ஆம் நூற்றாண்டில் இரசாயன அறிஞர் ஆக்கினர். இன்று மருந்துக்கடையில் நாம் வாங்கும் இருமற் பாணி சிலவற்றின் மூதாதை எம் வேலியோரத்துச் செடியே என்பதை இளைஞர் அறிதல் நன்று.

நான்காவது உணவே மருந்தாதல். மிளகு இரசம், வெள்ளைப்பூண்டு தட்டிப் போட்ட கஞ்சி, இஞ்சி இடித்துப் போட்ட வெறுந்தேத்தண்ணி ஆகியன எளியோர்க்கும் எட்டியவை. தேயிலையை விளைவித்தோர்க்கு அதன் சிறந்த இலை கிட்டவில்லை, தூள்தான் கிட்டிற்று. அத்தூளையும் இஞ்சியால் மருந்தாக்கினர். வள்ளுவர் மருந்துக்கென வகுத்த அதிகாரத்திற் பெரும்பகுதி உணவின் அளவைப் பற்றியதே என்பதை இங்கு நினைவுகூரலாம். அவ்வதிகாரத்தில் மருத்துவத்தின் நான்கு கூறுகளாக நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பேணுபவர் ஆகியோரை அவர் எண்ணுகிறார். லயத்திலோ இறுதி மூன்றும் ஒருத்தியினிடமே கூடியிருந்தன. வைத்தியனும் அவளே, மருந்தாக்கியவளும் அவளே, விடியும்வரை விழித்திருந்தவளும் அவளே. விடிந்ததும் பெரட்டுக்கு ஓடியவளும் அவள்தான்.

அயலவர் தந்த அறிவு

கைமருந்து முழுவதும் தமிழ்நாட்டிலிருந்து வந்தது எனக் கருதுவது தவறு. தோட்டத்தை அடுத்த சிங்களக் கிராமத்தோடு எம் மக்களுக்குக் கொடுக்கல் வாங்கல் இருந்தது. கித்துள் கருப்பட்டியும் பாணியும் அங்கிருந்தே வந்தன. அவற்றோடு வெனிவெல்கெட்டவும் வந்தது. இதனைத் தமிழில் மரமஞ்சள் என்பர். மஞ்சள் நிறமான இக்கொடித் தண்டின் கசப்புக்குக் காரணம் பெர்பெரின் என்னும் பொருளாகும்.

சிங்கள மக்கள் காய்ச்சலுக்கும் தடிமனுக்கும் அவிக்கும் பஸ்பங்குவ என்பது ஐந்து பொருள் கொண்ட கஷாயம்: கொத்தமல்லி, இஞ்சி, வெனிவெல்கெட்ட, கட்டுவெல்பட்டு, பத்பாடகம். கட்டுவெல்பட்டு என்பது எம் கண்டங்கத்தரி. பத்பாடகம் என்பது எம் பற்பாடகம். பெயரின் ஒலியே உறவைக் காட்டுகிறதன்றோ! அரசியல் மேடையில் இரு இனத்தாரும் வேறுபட்டு நின்ற காலத்திலும், அடுப்பின்மேல் இருந்த சட்டியில் அவர்கள் ஒன்றாகவே கொதித்தனர். இன்று இவ்வகைச் சரக்குகள் சமஹன் போன்ற பொடிகளாகப் பைக்கற்றில் அடைக்கப்பட்டு, நாடெங்கும் கடைகளிற் தொங்குகின்றன.

யாழ்ப்பாணத்தில் நிலை வேறு. அங்கே அரசர் காலத்துப் பரராசசேகரம், செகராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் இருந்தன. 1847இல் வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார். மிஷன் பாடசாலையிற் பயின்ற எம்போன்றோர் அவரை நன்றியோடு நினைக்கிறோம். அவரது பெருமை, நோயாளியின் மொழியில் வைத்தியம் பேசவேண்டும் என்று கண்டமையே. மலையகத் தோட்டங்களுக்கு அத்தகைய ஏடும் வாய்க்கவில்லை. அத்தகைய கல்லூரியும் வாய்க்கவில்லை. 1929இல் கொழும்பிற் சுதேச வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டபோதும், 1961இல் ஆயுர்வேதச் சட்டம் வந்தபோதும், லயத்துப் பாட்டியின் அறிவு அவற்றினுட் புகவில்லை. அது வாய்மொழியாகவே இருந்தது. இன்றும் பெரும்பாலும் அவ்வாறே இருக்கிறது.

மருந்தின் எல்லை

மரபைப் போற்றுவோர் அதன் எல்லையையும் கூறக் கடமைப்பட்டவர். 1918 – 19இல் உலகைச் சூழ்ந்த இன்புளுவென்சாக் காய்ச்சல் இலங்கையையும் வாட்டிற்று. அதனால் இத்தீவில் ஏறத்தாழ 3 இலட்சம் உயிர்கள், அதாவது மக்கட்டொகையிற் பதினைந்தில் ஒரு பங்கு, அழிந்தன எனப் பிற்கால ஆய்வாளர் கணித்துள்ளனர். ஒரு காம்பராவிற் பலர் நெருங்கி வாழ்ந்த தோட்டங்களில் அத்தகைய நோய் எத்துணை எளிதிற் பரவியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மல்லித்தண்ணீர் அதனை நிறுத்தவில்லை. ஆங்கில வைத்தியரிடமும் அன்று மருந்து இருக்கவில்லை. மனிதரைத் தாக்கும் இன்புளுவென்சாக் கிருமி 1933இலேதான் கண்டறியப்பட்டது. பெனிசிலின் 1940களிலேயே பயன்பாட்டுக்கு வந்தது. அந்நாளில் ஒருவரைக் காப்பாற்றக் கூடியவை நீரும் கஞ்சியும் சூடும் பேணுவாரின் கையுமே. அவற்றை அன்னையர் தந்தனர்.

நூறாண்டுகளின் பின் கொரோனா வந்தது. 2020 மார்கழியிற் கேகாலையில், தேனும் சாதிக்காயும் சேர்ந்த பாணி ஒன்று நோயை அறவே நீக்கும் என்று கேட்டு ஆயிரக்கணக்கானோர் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு கூடினர். அதனைப் பகிரங்கமாக அருந்திய சுகாதார அமைச்சரே அடுத்த மாதம் அந்நோய்க்கு ஆளானார். இங்கே ஒரு வேறுபாட்டைக் காணல் வேண்டும். எம் பாட்டிமார் தம் கஷாயத்தைச் சஞ்சீவி என்று கூறியதில்லை. "இதைக் குடி, நெஞ்சு இளகும்" என்றார்கள். இளகாவிடில் நோயாளியைத் தோளிற் சுமந்துகொண்டு வைத்தியசாலைக்கு நடந்தார்கள். அளவறிந்து பேசுதல் அவ்வறிவின் ஒரு பகுதியாகும்.

ஆகவே இன்று கைமருந்து செய்வோர் சிலவற்றை மறக்கலாகாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுத்தலாகாது. கொதிநீர்ச் சட்டியின் அருகே சிறுபிள்ளையை வைத்து வேது பிடித்தலாகாது. கருவுற்ற தாய்மார் வைத்தியரைக் கேளாமல் வெனிவெல்கெட்ட அருந்தலாகாது. பிள்ளை விரைந்து மூச்சுவாங்கினாலோ, மூச்செடுக்கையில் விலாவின் கீழ் உட்குழிந்தாலோ, பால் குடியாமற் சோர்ந்து கிடந்தாலோ, அது கஷாயத்துக்குரிய நோயன்று. அக்கணமே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

இளைஞர் கடன்

இதுகாறும் கண்டவற்றால் விளங்குவது யாது? எம் அன்னையரின் கைமருந்து மூன்று நாட்டு இலைகளாலும் இரு மொழிப் பெயர்களாலும் எண்ணற்ற இரவுகளின் விழிப்பாலும் ஆனது. அதனைப் பழமை என்று எள்ளுவோர் தம் உயிரின் வரலாற்றையே எள்ளுகின்றனர். ஆனால் அதனைப் புகழ்வதோடு நின்றுவிடுவோரும் பிழை செய்கின்றனர். ஈரச் சுவரைக் கஷாயம் உலர்த்தாது. காற்றோட்டமுள்ள வீடும், எட்டக்கூடிய தூரத்தில் வைத்தியசாலையும், தாய் தன் மொழியிற் கேட்டறியக்கூடிய வைத்தியரும் வேண்டும் என்னும் கோரிக்கை இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை. "உங்களிடம்தான் நல்ல கைமருந்து உண்டே" என்று எவரும் அக்கோரிக்கையைத் தட்டிக்கழிக்க நாம் இடங்கொடுத்தலாகாது. அன்னையர் விரும்பிச் சுமந்தது பாதிச் சுமை. மறுபாதி அவர்கள்மேற் சுமத்தப்பட்டது.

மன்றத்து இளைஞர்கள் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. ஒவ்வொருவரும் தம் லயத்தின் மூத்த தாயொருவரின் அருகே ஒரு மாலைப்பொழுது அமர்தல் வேண்டும். இலையின் பெயர், அதன் சிங்களப் பெயர், வளரும் இடம், எடுக்கும் அளவு, வற்றவைக்கும் பக்குவம், எந்நிலையில் மருந்தை நிறுத்தி வைத்தியரை நாடவேண்டும் என்னும் எச்சரிக்கை ஆகியவற்றைக் கொப்பியிற் குறித்துக்கொள்ளல் வேண்டும். சொன்னவரின் பெயரையும் அவர் சம்மதத்தோடு எழுதுதல் வேண்டும்; அவர்களின் முன்னோர் பெயரை எவரும் எழுதவில்லை. கோவில் முற்றத்திலும் வாசிகசாலை ஓரத்திலும் துளசி, கற்பூரவள்ளி, ஆடாதோடை ஆகியவற்றை நட்டு வளர்த்தல் எளிது. வெனிவெல்கெட்டவோ காடுகளில் அருகிவருவது. அதனை வேரோடு வெட்டி வருவதைத் தவிர்த்தல் நன்று.

முதியோர்க்கு ஒரு வேண்டுகோள்: பேரப்பிள்ளை கேட்குமட்டும் காத்திராமல் நீங்களே அழைத்துச் சொல்லுங்கள். உங்கள் நினைவில் உள்ளது உங்களோடு போகத்தக்கதன்று. இருநூறாண்டுக் குளிரை வென்ற அறிவு அது. அதனை ஏட்டில் ஏற்றுவதும், அதனை மட்டுமே நம்பி வாழவேண்டிய நிலையை மாற்றுவதும் இத்தலைமுறையின் இரு கடன்களாம்.